கோப்பை யாருக்கு என்று எழுதியவன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கு இது மேல். 2005 மே மாதம் ஒரு தினப் பத்திரிகையின் எட்டாம் பக்கத்தில் 'கோப்பை யாருக்கு?' என்று ஒரு செய்தி வந்தது. மரக்காணத்தில் நடக்கவிருந்த கபடிப் போட்டியைப் பற்றியது. சுனாமி வந்துபோன வருடம் என்பதால் பொங்கலுக்கு நடக்க வேண்டிய போட்டி கத்திரி வெயிலுக்குத் தள்ளிப்போயிருந்தது. இரும்பை ஊர் அணிக்குப் பிடி பலம், கீழ்புத்துப்பட்டுக்கு வேகம், பெருமுக்கல்லுக்கு (என் சொந்த ஊர், அதனால் கொஞ்சம் தாராளமாகவே) அனுபவம் என்று ஒவ்வொரு ஊராக அளந்துவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தது:

"கோப்பை மரக்காணத்துக்கே. ஒரே கவலை ரெய்டர் சகாதேவன். அவர் வலது முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தாலும், அடி பட்டிருப்பது இடது முழங்காலில் என்று தெரிகிறது."

எழுதியவன் நான்தான். பேர் பாலகுரு. அப்போது அந்தப் பத்திரிகைக்கு ஏஜெண்டும் நானே, நிருபரும் நானே, கட்டு வந்து இறங்கினால் சைக்கிளில் வைத்துக் கடைகடையாகப் போடுகிறவனும் நானே.

(கபடி ஆடாதவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் வலிக்கிற காலில் கட்டுப் போட மாட்டார்கள், நல்ல காலில் போடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான். ஆனாலும் பிடிக்க வருகிறவனுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும், ஒருவேளை நிஜமாகவே அந்தக் கால்தானோ என்று. ரெய்டருக்கு அந்த ஒரு நொடி போதும், நழுவிவிடுவான். எதிரணிக்கு அந்தச் சந்தேகத்தை நான் மெனக்கெட்டுத் தீர்த்துவைத்தேன்.)

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. நான்கு முறை எழுதினேன்.

'வெயிலில் உப்பளம் கண்ணாடித் துண்டுகளாக மின்னிக்கொண்டிருந்தபோது சகாதேவன்' — வேண்டாம். உப்பளத்தைப் பார்த்தாலே எழுதுகிறவன் கை மின்னலுக்கும் கண்ணீருக்கும் போய்விடுகிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வெயிலில் கண் எரியும், அவ்வளவுதான்.

'விதி ஒரு மனிதனின் முழங்காலில்' — இதை எழுதியதற்காக என்னை நானே ஒரு வாரம் பேசாமல் ஒதுக்கிவைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆரம்பத்தில் என்னைப் படர்க்கையில் வைத்து, 'அந்த இளம் நிருபர்' என்று எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். அடித்துவிட்டேன்.

இனி சகாதேவன் பக்கத்தில் நின்று, அவன் கண்ணோடு மட்டும், கேட்டதையும் ஊகித்ததையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

3

சகாதேவனுக்கு இருபத்தாறு வயது. உப்பளத்தில் கூலி. பகலில் கூடை சுமப்பான், சாயங்காலம் ஆடுவான். அவன் பாடிக்கொண்டு எதிர்க்கோட்டுக்குள் நுழைந்தால் கூட்டம் தானாக எழுந்து நிற்கும். அந்த வருடம் ஆட்டம் பார்க்க மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் வருவதாகப் பேச்சு. மாவட்ட அணியில் ஒரு வருடம் ஆடிவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் ஏதாவது ஒரு வேலை. இதைவிட்டால் வயது தாண்டிவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால், பயிற்சியில் திரும்பும்போது இடது முழங்கால் மடங்கியது. வீங்கியதை வெளியே காட்டவில்லை. இரண்டு பேருக்குத்தான் சொன்னான். ஒருத்தி அவன் மனைவி அமராவதி. இன்னொருவன் அவனோடு அணியில் ஆடுகிற, உப்பளத்திலும் கூடவே கூடை சுமக்கிற ஆரோக்கியராஜ்.

"ஒரு மாசம் குந்து. கோப்பை இன்னாடா கோப்பை," என்றான் ஆரோக்கியராஜ்.

"குந்திட்டு? ஆயுசு பூரா கூடை தூக்கறதா?"

"அப்ப வலது கால்ல கட்டு போடு. நான் ஒருத்தன் இருக்கறேன் இல்ல, பாத்துக்கலாம்."

எதிராளி பாடி வரும்போது பிடிக்கிற அணி கைகோத்துக்கொண்டு நிற்கும். வலது மூலையில் ஆரோக்கியராஜ், அவன் கையைத் தன் வலது கையில் பிடித்தபடி அடுத்து சகாதேவன். ஆறு வருடமாக அப்படித்தான். ஆரோக்கியராஜின் விரல் எந்த நொடியில் இறுகுகிறதோ அந்த நொடியில் பாய வேண்டும் என்பது சகாதேவனின் உடம்புக்குப் படிந்துபோன விஷயம். கல்யாணமான புதிதில் அமராவதியின் கையைப் பிடித்தபோது, இந்தக் கை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு கணம் யோசித்தானாம். அவளிடமே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டான்.

எனக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் பத்திரிகைக் கட்டோடு உப்பளத்து ஓரமாக சைக்கிளில் போனேன். சகாதேவன் தலையில் உப்புக் கூடையோடு அம்பாரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் வலது காலைத்தான் முதலில் வைத்தான். இடது கால் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. சாயங்காலம் பார்த்தால் கட்டு வலது காலில். ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று சைக்கிளை ஓட்டிக்கொண்டே விசில் அடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தின் முழு அளவும் அவ்வளவுதான்.

4

இறுதி ஆட்டம். எதிரணியின் ஊரை எழுதப்போவதில்லை. அவர்கள் விதிப்படிதான் பிடித்தார்கள். பத்திரிகையை டீக்கடையில் காசு கொடுத்துப் படித்தார்கள். அதில் அவர்கள் தப்பு என்ன?

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். மரக்காணம் ஒரு பாயிண்ட் பின்னால். சகாதேவன் பாடப் போனான். உள்ளே நுழைந்ததுமே அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏழு ஜோடிக் கண்களும் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கட்டுப் போட்ட காலை நீட்டி ஆசை காட்டினான். ஒருவனும் திரும்பவில்லை. போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும் நேரம் மூலையில் நின்றவன் பாய்ந்து இடது முழங்காலைக் கட்டிப்பிடித்தான். மேலே நான்கு பேர் விழுந்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்ததாக முன்வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். சகாதேவனுக்குச் சத்தம் நினைவில்லை. அடியில் கிடந்துகொண்டே அவன் பாட்டை விடவில்லை என்பது நினைவிருக்கிறது. கபடி கபடி என்று மண்ணுக்குள் சொல்லிக்கொண்டே கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டினான். ஒரு சாண் இருந்தது. மூச்சு அறுந்தது.

[இங்கே அவனுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. அவன் கண்ணோடு மட்டும் போவதாகச் சொல்லியிருந்தேன். இந்த அடைப்புக்குறிக்கு மட்டும் மன்னியுங்கள். அவன் மேல் நான்கு பேர் கிடந்தபோது, அவன் இன்னும் பாடிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியராஜ் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்க்கோட்டுக்குள் ஓடினான். ரெய்டு முடிவதற்குள் சொந்த அணிக்காரன் யாரும் அப்படிப் போகக் கூடாது. நடுவர் விசில் ஊதினார். அவன் காதில் வாங்காமல் மேலே கிடந்தவர்களை ஒவ்வொருவனாகப் பனியனைப் பிடித்து இழுத்துப் போட்டான். மறுநாள் செய்தியில் இதை நான் எழுதவில்லை. எட்டு வரிதான் இடம் கொடுத்தார்கள், அதில் கோப்பை வாங்கியவர்கள் பெயரே ஐந்து வரி.]

5

மூட்டுக்குள் நார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் இனி ஆட முடியாது என்றார்கள். இருபது நாள் கழித்துச் சகாதேவன் ஊன்றுகோலோடு பஸ் நிலையத்தில் நான் பத்திரிகை பிரிக்கிற இடத்துக்கு வந்தான். சண்டைக்கு வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏம்பா பாலகுரு. உனுக்கு யாரு சொன்னா?"

இந்த இடத்தை நான் பதினோரு முறை எழுதியிருக்கிறேன். 'யாரும் சொல்லல, நானே பாத்தேன்' என்று சொல்ல இரண்டு விநாடி ஆகும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பத்திரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டே, நிமிராமல், பெரிய நிருபர் மாதிரி சொன்னேன்:

"நியூஸ் யாரு குடுத்தாங்கன்னு நாங்க வெளிய சொல்றதில்ல."

யாரும் கொடுக்காத செய்திக்கு நான் காவல் நின்றேன். எங்கேயோ படித்த வசனம், ஒருநாள் சொல்லிப் பார்க்க ஆசை. அதற்கு இந்த ஆள்தான் கிடைத்தான்.

சகாதேவன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். தெரிந்தது இரண்டு பேருக்கு. அமராவதி சொல்ல மாட்டாள். மிச்சம் ஒருவன். அந்த வாரமே மாவட்டப் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி ஆரோக்கியராஜுக்குக் கடிதம் வந்தது. ஓகோ, அதுக்குத்தானா என்றது சகாதேவனின் மனசு. ஆரோக்கியராஜ் முகாமுக்குப் போகவில்லை. கபடியையே விட்டுவிட்டான். சகாதேவனுக்கு அதுவும் சாட்சியாகத்தான் பட்டது.

"குத்தம் இல்லாதவன் ஏன் போகல? சொல்லு," என்றான் மனைவியிடம்.

"அந்தண்ணன் அப்படிச் செய்யற ஆளு இல்ல. அன்னிக்கு கிரவுண்டுல அவரு இன்னா பண்ணாருன்னு..."

"அவன் பேரு இந்த வூட்ல வேணாம்."

அத்தோடு சரி. ஊரிலும் யாரும் எடுக்கவில்லை. தோற்ற ஆட்டத்தை யார் திரும்பப் பேசுவார்கள்? உப்பளத்து வரப்பு இரண்டு பேர் ஒதுங்க முடியாத அகலம். எதிரெதிரே வந்தால் ஆரோக்கியராஜ்தான் கூடையோடு பாத்தியில் இறங்கி வழி விடுவான். சகாதேவன் பார்க்காமல் தாண்டுவான். தாண்டிய பிறகு அவன் வலது கை தன்னால் மூடித் திறக்கும். ஆட்டத்துக்காக ஏங்குகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆட்டம் மட்டும் இல்லை அது.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. முழங்காலைப் பற்றிச் செய்தியில் வந்த அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதாமல் விடுகிறேன். சகாதேவன் நழுவி வருகிறான், கோப்பை, மாவட்டம், வேலை. படிக்க இனிப்பாக இருக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆ. ஆரோக்கியராஜ் நிஜமாகவே சொல்லியிருக்கிறான். (இப்படி ஒரு நாள் முழுக்க எழுதினேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் பயமாக இருந்தது. பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.)

இ. கதையை எழுதியவன் அதை எடுத்துக்கொண்டு கதையில் இருப்பவனிடம் போகிறான்.

மூன்றாவதை எழுதிப் பார்க்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

7

2006 நவம்பர். மழை பிடித்துவிட்டதால் உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் தண்ணீர். அம்பாரங்களுக்குப் பனையோலை வேய்ந்திருந்தார்கள். கூடை தூக்க முடியாத சகாதேவனுக்கு அந்த அம்பாரங்களைப் பகலில் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்திருந்தார்கள். மோட்டார் கொட்டகையில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"இன்னாபா, பேப்பரா?"

"இல்ல. ஒண்ணு எழுதனேன். படிக்கிறேன், கேளு."

முதல் பகுதியிலிருந்து படித்தேன். அவன் பெயர் வந்தபோது நிமிர்ந்தான். நான் சைக்கிளில் போனதைப் படித்தபோது அவன் தாடை இறுகியது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். படிப்பதை நிறுத்தவில்லை. நாலாம் பகுதியில் அந்த அடைப்புக்குறி வந்தது.

"நிறுத்து. திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"கோட்டத் தாண்டி வந்தானா?"

"வந்தான்."

"என் பாட்டு நின்ன பிறகா, முன்னயா?"

"முன்ன. நீ பாடிக்கினுதான் இருந்த. விசில் அடிச்சாங்க, அவன் கேக்கல."

சகாதேவன் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான். வெளியே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அவன் அழுதான். நான் என் காகிதத்தைப் பார்த்துக்கொண்டேன். அஞ்சாம் பகுதியும் படித்தேன், பஸ் நிலையத்தில் நான் சொன்ன பதில் உட்பட. அதைக் கேட்டபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுதுகிற திறமை எனக்கு இல்லை.

"இத அவன்கிட்ட படிச்சியா?"

"இல்ல. உன்கிட்டதான் முதல்ல."

"ஒண்ணரை வருசம். அவன் பாத்தியில எறங்கி எறங்கி வழி வுட்டான், நான் மூஞ்ச திருப்பிக்கினு போனேன். அத எந்தப் பக்கத்துல எழுதுவ?"

நான் காகிதத்தை மடித்தேன். அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். கழியை எடுத்துக்கொண்டான். நானும் எழுந்தேன்.

"நீ வராத. உன் வாய் வந்தா காரியம் கெட்டுடும். உன்ன நான் அப்புறம் பாத்துக்கறேன்."

"அவனுக்கு இன்னா சொல்லப் போற?"

"தெரியல."

வெளியே தூறல். ஆரோக்கியராஜின் வீடு வரப்பு முடிகிற இடத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது. மழை நாள், வீட்டில்தான் இருப்பான். கதவைத் திறக்கலாம். திறந்துவிட்டு, இத்தனை நாள் கழித்து என்ன என்று சாத்தவும் அவனுக்கு உரிமை இருக்கிறது. சகாதேவன் கழியை இடது பக்கம் ஊன்றி, வலது கையைச் சும்மா விட்டுக்கொண்டு, வழுக்குகிற வரப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்தான்.

என்னை வர வேண்டாம் என்றான். உங்களை ஒன்றும் சொல்லவில்லை. போகிறவர்கள் போங்கள். ஆனால் அவன் மெதுவாகத்தான் நடப்பான், அவனுக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள்.