மாடி ஸ்டோருக்கு ஒரு ஃபேன்

தம்பி மூன்று பைல் அனுப்பியிருந்தான். அவன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் ஆர்க்கிடெக்ட் வரைபடம் ஒன்று, எலக்ட்ரிகல் ஒன்று, பிளம்பிங் ஒன்று. "அக்கா, மூணையும் ஒரே பைலாப் பண்ணிக் குடு. சைட்ல ஆளாளுக்கு ஒண்ணைக் காட்டி உயிரை வாங்குறாங்க" என்றான். இருபத்தேழு வருஷமாக ஆபீசில் எனக்கு அதே வேலைதான். யார் யாரோ வரைந்து தள்ளுவதை ஒன்றாகச் சேர்த்து ஒழுங்கு பண்ணுவது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாடகை அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஜூனில் எனக்கு ரிட்டயர்மென்ட். அதன் பிறகு மாடியில் கிழக்கு அறை உனக்குத்தான் என்று தம்பி போன வருஷமே சொல்லியிருந்தான். வீட்டுக்கார அம்மாவிடம் ஜூனில் காலி செய்கிறேன் என்று சொல்லியாயிற்று. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன். ஆசைக்கு என்ன குறைச்சல்.

லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. சுவர் ஒரு தாளில், ஒயர் ஒரு தாளில், குழாய் ஒரு தாளில். அடுக்கினால் வீடு தெரிய வேண்டும். ஆனால் ஒருவர் சுவருக்கு ஒரு பெயர் வைத்தால் அடுத்தவர் வேறு பெயர் வைப்பார். எலக்ட்ரிகல்காரரோ சோபாவிலிருந்து ஸ்விட்ச் வரை எல்லாவற்றையும் ஒரே லேயரில் கொட்டியிருந்தார். வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமையில் எனக்குத் திட்டவாவது ஆள் கிடைத்ததே.

மூன்றையும் அடுக்கியபோது கிழக்கு அறை மட்டும் ஒத்துவரவில்லை. ஆர்க்கிடெக்ட் பைலில் 'அக்கா அறை' என்று இருந்தது. எலக்ட்ரிகலில் அதே இடம் 'ஸ்டோர்'. ஒரே ஒரு பல்ப், ஃபேன் இல்லை, பிளக் இல்லை. பிளம்பிங்கில் அந்த அறையை ஒட்டிய பாத்ரூமையே காணோம். தம்பிக்குப் போன் செய்தேன்.

"கிழக்கு ரூம்ல எதுடா சரி?"

"உனக்கு எந்த ஆர்க்கிடெக்ட் பைல் வந்திருக்கு?"

"போன வருஷத் தேதி போட்டிருக்கு."

"அடடா, பழசை அனுப்பிட்டேனா" என்றான். "அது வந்து... என் மாமனார் மாமியாரும் எங்களோட வந்துடறாங்கக்கா. கீழ ஸ்டோரை எடுத்து அவங்க ரூமைப் பெருசாக்கினோம். சாமான் வைக்க மேல ஒரு எடம் வேணுமில்ல. உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ எப்ப வந்தாலும் ஹால்ல தாராளமாத் தங்கலாம்."

"சரிடா. மூணுலயும் ஒண்ணா இருக்கணுமேன்னு கேட்டேன்" என்று போனை வைத்தேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

அறையின் பெயரை ஸ்டோர் என்று மாற்றினேன். பாத்ரூமை அழித்தேன். எல்லாம் அதனதன் லேயரில், அதனதன் நிறத்தில் வந்து உட்கார்ந்தன. கடைசியாக ஸ்டோரின் நடுவில் ஒரு ஃபேனும் கதவோரம் அதற்கு ஒரு ஸ்விட்சும் வரைந்து அனுப்பிவிட்டேன். பழைய சாமானுக்கு ஃபேன் எதுக்குக்கா என்று அவன் கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று காத்திருந்தேன். 'சூப்பர்க்கா' என்று மட்டும் பதில் வந்தது.

ஐந்தாம் நாள் போன் வந்தது. சைட்டிலிருந்து எலக்ட்ரீஷியன்.

"மேடம், மாடி ஸ்டோர்ல ஃபேன் காட்டியிருக்கு. சார்கிட்டக் கேட்டேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, அக்காவையே கேட்டுக்கங்கன்னு நம்பர் குடுத்தாரு. அங்க யாராவது தங்கப் போறாங்களா?"

நான் யோசித்து வைத்திருந்த நாலு வார்த்தையும் இந்த மனிதருக்கானவை அல்ல.

"இல்லைங்க. எடுத்துடுங்க" என்றேன்.

"பரவால்ல மேடம். பல பைலைச் சேக்கும்போது இப்படி வேண்டாதது ஒண்ணு வந்து ஒட்டிக்கும். சகஜந்தான்" என்றார் ஆறுதலாக.

"ஆமாங்க" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவிடம் போய், ஜூனில் காலி செய்யவில்லை என்று சொன்னேன்.

"ஏன், தம்பி வீடு இன்னும் முடியலையா?"

"அது நல்லா வந்துக்கிட்டிருக்கும்மா" என்றேன்.