ஒரு சாண் உயர்ந்த கடல்

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் அவள்.

மெக்கானிக் மனைவியின் அக்குளுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் சொருகினார். வாழ்நாளெல்லாம் ஃப்ரிட்ஜைத் தோளில் தூக்கி மாடி ஏற்றிய கைகளுக்கு அவள் ஒரு எடையே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆக்சிஜன் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடிக்கணினியை அவள் தொடை மேல் பலகை போட்டு வைத்தார்.

"போதுமா மேடம்?"

"போதும் மெக்கானிக்கு."

ஆபீஸிலிருந்து போன் வரும்போதெல்லாம் "மேடம் இருக்காங்களா" என்று கேட்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, கல்யாணமான புதிதில் அவர் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தது. அவள் பதிலுக்கு மெக்கானிக்கு என்றாள். கேலி எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது. கூப்பிடும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மகள் டீ டம்ளரோடு அறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள். அப்பாவைக் கண்ணாலேயே சமையலறைக்கு அழைத்தாள்.

"டாக்டர் நேத்து மாடிப்படில நின்னு என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கு."

"இன்னைக்கோ நாளைக்கோன்னாரு. அம்மா இன்னும் கம்ப்யூட்டர்ல அந்தக் கடல் படத்தையே பாத்துட்டிருக்காங்க. நான் வந்ததுலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை ஒழுங்கா பேசல. நீங்களும் தலையணை வெச்சுக் குடுக்கறீங்க."

"கேக்கறா பாப்பா. நான் என்ன செய்ய?"

"அந்தத் தண்ணிய விட நான் ஒண்ணும் முக்கியமில்லன்னு நெனச்சுக்கறேன்," என்று டம்ளரைக் கழுவத் தொடங்கினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

மெக்கானிக் அறைக்குத் திரும்பினார். மனைவி கடல் கண்காணிப்பு ஆபீஸில் செயற்கைக்கோள் அனுப்புவதைப் படித்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கப்பல் ஏறியதில்லை. பூங்காக் குளத்தில் படகில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்பாள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கடலைப் பற்றிச் சொல்வாள், அவர் உம் கொட்டுவார். அவர் கம்ப்ரஸரைப் பற்றிச் சொல்வார், அவள் உம் கொட்டுவாள். அப்படியே காலம் ஓடிவிட்டது.

போன் அடித்தது. அவளோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர். மெக்கானிக் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கைப்பக்கம் வைத்தார்.

"மேடம், பேச முடியுமா? முடியலைன்னா வேண்டாம்."

"சொல்லு."

"நாளைக்குக் காலைல கூட்டம். இப்பவே அறிவிக்கலாமா, இன்னும் ஒரு மாசம் பாக்கலாமான்னு பாதிக்குப் பாதி நிக்கறாங்க. போன தடவை நடந்தது எல்லாருக்கும் பயமா இருக்கு. வருது வருதுன்னு சொன்னோம், பாதி வழியில அடங்கிப் போச்சு. நம்மள கிழிகிழின்னு கிழிச்சாங்களே."

"காத்து எப்படி?"

"மேற்கே ஓஞ்சே கெடக்கு மேடம். நேத்து எதிர்ப்பக்கமாவே அடிச்சிருக்கு."

"மிதவைங்க?"

"கடலுக்கடியிலயும் சூடுதான் காட்டுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த பேச்சுக்கு வேண்டிய மூச்சைச் சேர்க்கிறாள் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். போனின் அந்தப் பக்கமும் காத்திருந்தது.

"மேலேருந்து பாத்தாலும் அதான். கீழேருந்து பாத்தாலும் அதான். அப்புறம் என்ன?"

"தப்பாப் போயிட்டா மேடம்?"

"திட்டுவாங்க. வாங்கிக்கலாம்." மறுபடி மூச்சு. "சொல்லாம இருந்து, வந்துட்டா? ஆத்தோரமா வீடு கட்டி இருக்கறவனுக்கு யாரு சொல்றது? மழைய நம்பி வெதைக்கப் போறவனுக்கு? சொல்லிடு. என் பேரையும் போட்டுக்கோ."

கண்ணாடிக்காரர் "சரி மேடம்" என்று சொல்லியும் போனை வைக்கவில்லை. ஏதோ சொல்ல வருகிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். அவள்தான் விரலை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள்.

மெக்கானிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். திரையில் நீலமாக ஒரு பெருங்கடல். அதன் நடுவில், பூமியின் இடுப்பில் கட்டிய துணி போல ஒரு சிவப்புப் பட்டை, சிவப்புக்குள் வெள்ளை.

"அது என்னதான் மேடம்? எனக்குப் புரியற மாதிரி இன்னைக்காவது சொல்லேன்."

"ஒரு தட்டுல தண்ணி கொண்டா."

கொண்டு வந்தார்.

"ஒரு பக்கமா ஊதிக்கிட்டே இரு."

அவர் ஊதினார். தட்டில் இருந்த தண்ணீர் அந்தப் பக்கமாக ஒதுங்கி விளிம்பில் குவிந்தது. கன்னம் உப்ப ஒரு பெரிய மனுஷர் தட்டை ஊதுவதைப் பார்த்து மகள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அந்தக் கடல்ல காத்து எப்பவும் இப்படித்தான் ஊதிட்டிருக்கும். வெயில்ல காஞ்ச தண்ணி எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துக்கும். சில வருஷத்துக்கு ஒருக்கா காத்து அசந்துடும். இப்ப நிறுத்து."

அவருக்கும் மூச்சு முட்டியிருந்தது. நிறுத்தினார். குவிந்திருந்த தண்ணீர் சத்தமில்லாமல் தட்டைக் கடந்து வந்து இந்தப் பக்க விளிம்பைத் தொட்டது.

"அதான் அது," என்றாள் அவள். "சூட்டுத் தண்ணி திரும்பி வருது. சூடான தண்ணி கொஞ்சம் உப்பும். மேலேருந்து செயற்கைக்கோள் ரேடார் அலையால தட்டிப் பாக்கும். தட்டின அலை திரும்பி வர்ற நேரத்த வெச்சு, கடல் எங்க உப்பியிருக்குன்னு கண்டுபிடிச்சிடும். ரெண்டு விரல் உசந்தாலும் தெரியும்."

"இது எவ்வளவு உசந்திருக்கு?"

அவள் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தாள். ஒரு சாண்.

"இவ்வளவுதானா?"

"உசரம் இவ்வளவுதான். அகலத்துக்கு நம்ம நாடு மாதிரி எத்தனையோ உள்ள வைக்கலாம்."

மகள் கட்டிலருகே வந்து குனிந்தாள். "கப்பல்ல போறவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாது. கப்பல் ஏறி எறங்கும். டீ கூட சிந்தாது."

மகள் திரையைப் பார்த்தபடியே அம்மாவுக்குப் பக்கத்தில், குழாயில் முழங்கை படாமல், ஒண்டிப் படுத்தாள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சொல்லும்போது விரல் திரையில் ஊர்ந்தது. இது போய்ச் சேரும் கரையில் வருடக்கணக்காக மழையே பார்க்காத மண் இருக்கிறது. அங்கே ஆறு வரும். மீன் கூட்டம் இரை தேடி எங்கோ போய்விடும், மீனை நம்பிய பறவைகள் குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுவிட்டுப் பறந்துவிடும். இந்தப் பக்கம் மழை தவறிக் காடு பற்றும். கடலையே கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு ஊரில் ரொட்டி விலை ஏறும், ஏன் என்று கடைக்காரனுக்கே தெரியாது.

"பேரு தெரியுமா பாப்பா? எல் நினோ. சின்னப் பையன்னு அர்த்தம்."

"நல்ல பையனாத்தான் வளத்திருக்காங்க," என்றார் மெக்கானிக்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

மெக்கானிக் தரையில் இறங்கி உட்கார்ந்தார். மீன்கடைக்காரரின் குளிர் அறை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. இந்தச் சமையலறை அளவுதான் இருக்கும். அதிலிருந்து சூட்டை வெளியே இறைக்க மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் போதும், கடைக்காரர் போனில் அழாத குறையாகக் கத்துவார். ஒரு அறைச் சூட்டுக்கே இந்தப் பாடு. இங்கே, நாடு நாடாக அகலமுள்ள சூடு, ஒரு டம்ளர் டீயைக்கூடச் சிந்தாமல், யாரும் தள்ளாமல், கடலைக் கடந்து நடந்து போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிமிஷமும் போகிறது. இத்தனை வருடம் அவள் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது இதையா? வந்து, கதவைத் திறந்ததும், பால்காரன் வந்தானா என்று கேட்பாளே.

"நாம இங்க படுத்துட்டிருக்கோம். அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு," என்றாள் மகள் மெதுவாக.

"ம்," என்றாள் அம்மா. அவள் கை மகளின் தலையில் இருந்தது. வெகு நேரம் கழித்து, "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியா இருக்கும் பாப்பா. மதியத்துல வெளிய சுத்தாத. தண்ணி நெறைய குடி," என்றாள்.

"சரிம்மா."

அதுதான் கடைசிப் பேச்சு. மத்தியானம் தூங்கிப் போனாள். மகளும் அப்படியே தூங்கிவிட்டாள். மெக்கானிக் மட்டும் விழித்திருந்தார். மோட்டார் சத்தத்தை வைத்தே அது எப்போது நிற்கும் என்று சொல்லிவிடக்கூடியவர். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒன்றுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. அவர் காத்திருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

மகளை உடனே எழுப்பவில்லை. அம்மா பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டார். எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதிதான் மகளை எழுப்பியது.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள், அவளுடைய தங்கை, மீன்கடைக்காரர். மெக்கானிக் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்திருந்தார். முதலில் நெற்றி வழக்கம் போலத்தான் இருந்தது. பிறகு சூடு குறைந்தது. தொழிலுக்கு வந்த அன்று அவருடைய முதலாளி சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: குளிர் என்று எதையும் நாம் உண்டாக்குவதில்லை, சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுகிறோம், அது அழியாது. அவர் கையை எடுக்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். திரைச்சீலை, அலமாரி, நாற்காலியில் கிடந்த அவளுடைய துவாலை.

"கூட்டமா இருக்கு, புழுங்குது. ஜன்னலத் தெறந்து விடட்டுமா அத்தான்?" என்று மச்சினி எழுந்தாள்.

"வேண்டாம்மா," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருக்கட்டும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போன பிறகுதான் கண்ணாடிக்காரர் வந்தார். கசங்கிய சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. மன்னிப்புக் கேட்பவர் போல வாசலிலேயே நின்றார்.

"கூட்டம் இழுத்துடுச்சு சார். மண்ணு போடக்கூட வர முடியல."

"உள்ள வாங்க."

அவர் உட்காரவில்லை. காலியான கட்டிலைப் பார்த்தார். அதைக் கேட்பதா கூடாதா என்று மெக்கானிக் தயங்கிக்கொண்டிருக்கும்போதே மகள் கேட்டுவிட்டாள்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"அறிவிக்கறதுன்னு. மேடம் பேரு முதல்ல இருக்கு."

மகள் தலையாட்டினாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் பார்வை தெளியாதவர் போல மறுபடி துடைத்தார்.

அது வந்தது. மாதங்கள் கழித்து, சொன்ன கரையில் மழை கொட்டியது; ஆறென்றே மறந்துபோன பள்ளத்தில் ஆறு வந்தது. கரையோரத்தில் பல பேர் முன்பே மேட்டில் ஏறியிருந்தார்கள். எல்லோரும் அல்ல. இந்தப் பக்கம் காடு எரிந்த புகை வாரக்கணக்கில் வானத்தில் நின்றது. அவள் சொன்னது சரி என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம், கண்ணாடிக்காரரைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு மேலே ஏறி வந்த மெக்கானிக்கும், அவரைத் தேடி இறங்கி வந்த மகளும் பாதி மாடிப்படியில் சந்தித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குள் போக இருவருக்குமே கால் வரவில்லை. எங்கோ தாளிக்கும் வாசனை வந்தது. துக்க வீடு என்று மற்ற வீட்டுக்காரர்கள் டிவியைத் தணித்துத்தான் வைத்திருந்தார்கள், இருந்தாலும் செய்தி நேரம்.

முதலில் கீழ் வீட்டிலிருந்து செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் கேட்டது. பெருங்கடலில் வெப்பம் உயரத் தொடங்கியிருப்பதாகக் கடல் கண்காணிப்பு மையம் அறிவித்துள்ளது. அது முடிவதற்குள் எதிர் வீட்டில் அதே குரல், ஒரு நொடி பிந்தி, பெருங்கடலில் வெப்பம் என்று தொடங்கியது. பிறகு அதற்கு மேல் வீட்டில். மகள் தலையைத் தூக்கினாள். மெக்கானிக் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் தளம் தளமாக ஏறிப் போனது. கீழே விளையாட்டுச் செய்தி தொடங்கிவிட்டது. உச்சி மாடியில் காது மந்தமான கிழவர் வீட்டில்தான் எல்லோருக்கும் கடைசியாக, சத்தமாக, அந்த ஒரு வரி வந்து முடிந்தது.