பிந்தி வந்த நிழல்

1977 புரட்டாசியில் டிரைவர் திருப்பதியின் நிழல் அவருக்குப் பின்தங்கத் தொடங்கியது. அவர் கும்பிட்டுக் கையை இறக்கிய பிறகுதான் அது கும்பிட்டது. அந்த வாரம் போடியில் ஏலக்காய் வரத்து அதிகம் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. முதலில் கவனித்தவள் அவர் மனைவி ராமுத்தாய். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். ஒரு காயைக் காதோரம் குலுக்கி, உள்ளே விதை கிலுங்குவதை வைத்தே காய்ந்த பதம் சொல்லிவிடுவாள். புருஷன் ஓட்டிய காரின் முன்பக்கத்திலும் கொஞ்ச நாளாக அதே கிலுக்கம். காருக்கும் கடைக்கும் முதலாளியான வெள்ளைத்துரைக்கோ அந்தச் சத்தம் பிடித்துப்போனது. "நல்லாக் காஞ்ச காய் மாதிரி கிலுங்குதப்பா. இஞ்சினு பதத்துக்கு வந்திருச்சு" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்கச் சொன்னார்.

மெக்கானிக் கண்ணுச்சாமி மூடியைக் கழற்றி, இஞ்சினைக் கையால் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். கீழே தண்டு அசைந்தது. மேலே தீப்பொறி பிரிக்கும் ரோட்டார் சும்மா நின்றுவிட்டு அப்புறம்தான் நகர்ந்தது. "கீழயும் மேலயும் சேத்து ஓட்டுற டைமிங் செயினு தொங்கிப்போச்சுண்ணே. மேட்டுல பல்லு தாண்டுச்சுன்னா இஞ்சினு செத்துரும்." பிறகு வெயிலில் நின்ற திருப்பதியின் கையைப் பிடித்து அதேபோல முன்னும் பின்னும் ஆட்டி, தரையைப் பார்த்தார். "அதே தொய்வுதான். செயினை மாத்துனா ரெண்டும் சரியாயிரும்."

ராமுத்தாய் கடையில் போய் நின்றாள். "காரை ரெண்டு நாளு நிறுத்தி செயினை மாத்துங்க முதலாளி. அவரு நிழலு பிந்துது."

"நிழலுக்கெல்லாம் சீசன்ல லீவு விடச் சொல்றியா? காய் பொறுக்குற கழுதைக்கு இஞ்சினு வைத்தியம் வேற."

"இந்தக் கழுத காதை நம்பித்தான மூட்டை கட்டுறீங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைத்துரை செவிடர் அல்ல. லாபத்துக்கு மட்டும் திறக்கிற காது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் போடிமெட்டு ஏற்றத்தில் செயின் பல் தாண்டியது. இஞ்சின் நின்றது, பிரேக்கு தாங்கவில்லை, கார் பின்னால் உருண்டு பள்ளத்தில் போனது. தூக்கிவந்த உடலைக் காலை வெயிலில் கிடத்தியபோது அதற்கு நிழல் இல்லை. அப்படியே எரித்தார்கள். வெள்ளைத்துரை மாலை போட்டார். மறுவாரம் ஜீப்பு வாங்கினார்.

ஐந்தாம் நாள் நிழல் வந்தது. மலையிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். வாசலில் வழக்கம்போலக் குனிந்து நுழைந்து சுவரோரம் உட்கார்ந்தது. "வெரசா வந்திருக்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டு, ராமுத்தாய் அன்றுதான் அழுதாள். மகள் பொன்னுமணி அந்த நிழலுக்குப் பக்கத்தில் படித்தே வளர்ந்தாள். அந்த வீட்டில் யாரும் தாண்டாத கல்லூரி வாசலையும் தாண்டினாள். விண்ணப்பத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுத மறுத்து, இரண்டு ஆபீஸில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாள். 1986 தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி, போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார்.

"செத்த பொறுங்கண்ணே. எங்கப்பா இன்னும் வரலை."

போட்டோக்காரர் காமிராவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். நிழல் மெதுவாக வந்து அவளுக்கு வலப்பக்கம் நின்றது. "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்கய்யா" என்று அதனிடம் சொல்லி, அது நகர்ந்து முடிக்கும்வரை பொறுத்து, எடுத்தார்.