வாயாடிக்கு ஒரு ஆள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பல்கலைக்கழகப் பதிவாளர் கேட்டு வாங்குவது. "நம்ம சமூக நீதி மலருக்கு அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். படிச்சா கண்ணு கலங்கணும். ஆனா புகார் மாதிரி இருக்கக் கூடாது." நான் மொழித்துறை ஆசிரியன். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் கிடக்கிறது. தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மௌனமே அவளுடைய மொழி..." (அடித்துவிட்டேன். அவள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. காது கேட்காது, பேச்சு வராது. ஆனால் கை ஓயாது. விடுதித் தோழிகள் வைத்த பெயரே வாயாடி.)

இரண்டாவது: "அனைவரையும் அரவணைக்கும் நம் பல்கலைக்கழகத்தில்..." (எழுதும்போது எனக்கே கொட்டாவி.)

மூன்றாவது: வாயாடி கடற்பாசியில் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. அவள் சைகையைப் பேச்சாக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் பட்டம் இல்லை.

இது இருக்கட்டும்.

3

போன வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் போனாள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"விழாவுக்கு ஆள் போடத்தாம்மா விதி இருக்கு. தேர்வுக்கு இல்லை."

"அப்ப நான் வந்து சொல்றேங்க" என்றாள் அக்கா.

"சொந்தக்காரங்க கூடாது. விடையைச் சொல்லிக் குடுத்துருவீங்க."

அக்கா தையல்காரி. கடற்பாசிக்கு அவள் விடை சொல்லிக் கொடுத்துவிடுவாளாம்! (இந்த வியப்புக்குறியை எடுக்கச் சொல்வார்.)

"யாராவது ஒரு ஆசிரியர், என் பொறுப்புன்னு இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டா, வெளியாளைக் கூப்பிட்டுக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உடனே... (இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். கைபேசியைப் பார்த்தேன் என்பதுதான் உண்மை.)

4

இன்று காலை சமூக நீதி விழா. மேடையில் நடு நாற்காலி வாயாடிக்கு. சைகை மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். படம் நன்றாக விழட்டும் என்று அவரை மேடை முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கச் சொன்னவன் நான்தான். அவளைப் பற்றிய ஒரு மணி நேரப் புகழுரையை, காது நன்றாகக் கேட்கும் முந்நூறு பேருக்கு அவர் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். வாயாடிக்குத் தெரிந்தது அவர் முதுகு.

பிறகு அவள் எழுந்து நான்கு நிமிடம் பேசினாள். மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பப் போனார். முன்வரிசையிலிருந்து பதிவாளர், "கேமரா, கேமரா!" என்று கையசைத்தார். மொழிபெயர்ப்பாளர் நேரே கேமராவைப் பார்த்தபடி, "எல்லாருக்கும் ரொம்ப நன்றின்னு சொல்றாங்க" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கடைசி வரிசையில் அக்கா மட்டும் தட்டவில்லை. போய்க் கேட்டேன்.

"திங்கட்கிழமை எனக்காக வாய் திறக்க இங்க ஒருத்தர்கூட இல்லையா, இருந்தா கை தூக்குங்கன்னுதான் அவ கேட்டா. நீங்கல்லாம் தட்டினீங்க சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. (மலருக்கு இந்த வரி வேண்டாம்.)

5

முடிவு அ: பதிவாளர் மனம் மாறுகிறார். (எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: மதிப்பெண் தாளில் 'பதில் அளிக்கவில்லை' என்று எழுதுகிறார்கள். (புகார் ஆகிவிடும்.)

முடிவு இ: ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். இங்கேதான் இடிக்கிறது. அவர் யார், இத்தனை நாள் ஏன் போடவில்லை, இப்போது மட்டும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பாத்திரம் ஒட்டவே இல்லை.

ஆகவே முடிவை உங்களிடமே விடுகிறேன். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. அக்கா படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு வாசலில் நிற்கிறாள். உங்கள் தங்கையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், சற்றுப் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.