பாகம் பாகமாக ஒரு கிட்டார்

பெட்டியைப் பிரித்துக் கிட்டாரை வெளியே எடுத்ததுமே மெக்கானிக்குக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. விலைக்கேற்ற சரக்கு என்று தெரிந்துதான் வாங்கினார். இருந்தாலும் இப்படியா? சிவப்புச் சாயம் ஓரங்களில் வழிந்து சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. கழுத்தில் வரிசையாகப் பதித்திருந்த உலோக ஃப்ரெட் பட்டிகளின் முனை ஒவ்வொன்றும் உள்ளங்கையைக் கீறியது. ஆம்ப்ளிஃபயரில் செருகினால் வாசிப்பதற்கு முன்பே 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வந்தது. கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்துவிட்டுக் கையை எடுத்தால், கையோடு சுதியும் இறங்கியது.

"இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குவாங்களா மாமா?" என்றான் மச்சினன். சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று அக்காள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட பிறகும் போகாத ரகம். ஒரு காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து மேடையில் கிட்டார் வாசித்தவன் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருந்தது.

"மட்டமா இருக்கணும்னுதான்டா வாங்கினேன். நல்லா இருந்தா நான் எதைச் சரி பண்றது?"

"அப்ப கவலையே படாதீங்க. இதுல எதைத் தொட்டாலும் வேலை இருக்கு."

மெக்கானிக் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அப்படித்தான் அடையாள அட்டையில் போட்டிருந்தது. உண்மையில் அவருடைய கம்பெனியில் யாரும் எதையும் பழுதுபார்ப்பதில்லை. காகிதம் சிக்குகிறதா, ரோலரை மாற்று. கறுப்புக் கோடு விழுகிறதா, டிரம்மை மாற்று. என்ன கோளாறென்றே புரியவில்லையா, போர்டை மாற்று. பழசைக் குப்பையில் போடு, கையெழுத்து வாங்கு, அடுத்த இடத்துக்கு ஓடு. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் கழன்று கிடந்த ஸ்பிரிங்கை எடுத்து அதன் இடத்தில் மாட்டி இயந்திரத்தை ஓடவைத்துவிட்டுப் பெருமையாக வந்தார். புதுப் பாகம் ஏன் போகவில்லை என்று மேலாளர் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்கு அந்த வேலை வேப்பங்காயாகக் கசந்தது. காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போதே முகம் உம்மென்று ஆகிவிடும்.

இந்த நிலைமையில்தான் ஓர் இசைக்கருவிக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. பாடத் தாள்களை நகலெடுக்கும் இயந்திரம் அங்கே மக்கர் பண்ணியது. டிரம்மை மாற்றிவிட்டுக் கீழே இறங்கியவர், கடையின் பின்பக்கம் ஒரு மேசையைப் பார்த்தார். கடைக்காரி ஒரு கிட்டாரின் வயிற்றைத் திறந்துவைத்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வர, ஒரு மெல்லிய வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயதாவது சின்னவள். மெக்கானிக் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம்.

அடுத்த முறை போனபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நாற்காலிக்குத் தன்னை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேவிட்டார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கிட்டார் வேலை தெரியுமா சார்?"

"தெரியாது. கத்துக்குவேன்."

"அப்ப மலிவா ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குங்க. எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்லது. நீங்களே அதைச் சரி பண்ணிக் கொண்டு வாங்க. பாத்துட்டு நாற்காலியைப் பத்திப் பேசலாம். மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல என்னால ஒண்டியா சமாளிக்க முடியாது, வேற ஆளைப் போட்டுடுவேன்."

வீட்டில் மனைவி இதைக் கேட்டுத் தலையாட்டினாள். கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். "எப்படியாவது அந்த நாற்காலியைப் பிடிங்க. உங்க மூஞ்சியைப் பாத்துப் பாத்து எனக்கும் மூஞ்சி அப்படியே ஆயிட்டு வருது," என்றாள்.

முதலில் அவர் கைவைத்தது கழுத்தின் உச்சியில் இருந்த வெள்ளைப் பட்டையில். விரல் நீளம்கூட இல்லாத துண்டு. ஆறு கம்பிகளும் அதிலுள்ள ஆறு பள்ளங்களில் உட்கார்ந்துதான் கழுத்தின் மேல் ஓடும். பள்ளம் ஆழம் போதாமல் கம்பிகள் உயரத்தில் நின்றன. அழுத்தினால் விரல் நொந்தது, சுதியும் தப்பியது. சின்ன அரம் ஒன்றை வாங்கி ராவத் தொடங்கினார். ராவுவார், குனிந்து பார்ப்பார், மறுபடி ராவுவார். சரியாக வந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரே ஓர் இழுப்பு என்று இழுத்தார். கம்பி கீழே இறங்கி முதல் ஃப்ரெட்டில் இடித்துக் 'கர்ர்' என்றது.

காணொளியில் தாடிக்காரர் ஒருவர் இதற்கு வழி சொல்லியிருந்தார். பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி, மேலே ஒரு சொட்டு உடனே ஒட்டும் பசை விட்டால் கல்லாக இறுகிவிடும், பிறகு புதிதாகப் பள்ளம் ராவிக்கொள்ளலாம். தாடிக்காரர் செய்யும்போது அது தேநீர் போடுவதைவிடச் சுலபமாக இருந்தது. மெக்கானிக் செய்தபோது பாதிப் பசை பள்ளத்திலும் மீதி அவருடைய கட்டைவிரலிலும் போயிற்று. விரல் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டது.

"அடியே, இங்க வா!"

மனைவி வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து விரலைப் பிரித்தெடுத்தாள். மச்சினன் சோபாவில் படுத்தபடி, "கிட்டாரும் கையுமா இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க, ஆயிட்டீங்க," என்றான். அவனை முறைத்துவிட்டு, இறுகிய இடத்தில் அரத்தை வைத்து இழுத்தார். அடைத்ததெல்லாம் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது.

"சனியனே!" அரம் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"அது பாவம், என்ன பண்ணுச்சு?" என்று மனைவி குனிந்து எடுத்துவைத்தாள். அவர் கைப்பேசியை எடுத்தார். பள்ளம் வெட்டியே வரும் பட்டை விற்பனைக்கு இருந்தது. வாங்கினார். வந்தது. பழசைப் பெயர்த்துத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசை வைத்தார். கம்பி கணீரென்று பேசியது. அப்போது வந்த நிம்மதிதான் ஆளைக் கவிழ்த்தது.

அதற்குப் பிறகு எதில் இடறினாலும் கைப்பேசிதான். கம்பி முறுக்கும் சாவிகள் நழுவின. உள்ளே என்ன தளர்ந்திருக்கிறது என்று திறந்து பார்த்தார், ஒரு திருகின் தலை மழுங்கிப்போயிற்று, பல்லைக் கடித்தார், புதுச் சாவிகளுக்குச் சொன்னார். அளவு மாறி வந்தது. திருப்பி அனுப்பி, அங்கே ஒருவரிடம் கத்தி, சரியானது வருவதற்குள் பிராணன் போய் வந்தது. ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று மூன்று நாள் தேடினார். பற்றவைக்கிற சூட்டுக்கோலை எடுத்து வயரில் வைத்தால் ஈயம் உருண்டு ஓடியதே தவிர ஒட்டவில்லை. உள்ளிருக்கிற அத்தனை வயரும், கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப்பும் ஒரே செட்டாக, பற்றவைக்கவே தேவையில்லாமல் செருகினால் போதும் என்று கிடைத்தது. அதையும் வாங்கினார். கடைசியில் கையைக் கீறிய ஃப்ரெட்டுகளுக்காகக் கழுத்தையே புதுசாக வாங்கினார். வெள்ளைப் பட்டை அதிலேயே ஒட்டி வந்தது.

"நீங்க வாங்கினது கிட்டாரா, இல்ல அதோட குடும்பமா?" என்று மனைவி கேட்டாள்.

ஆனால் மச்சினன் அதை எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "மாமா! நிஜமாவே இது அந்தக் கிட்டாரா? சனிக்கிழமை பசங்களோட வாசிக்க நான் எடுத்துட்டுப் போறேனே?" என்றான். மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலி தனக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மாசம் முடிய ரெண்டு நாள் இருந்தது. கடைக்காரி கிட்டாரை வாங்கி மடியில் வைத்துச் செருகினாள். ரீங்காரம் இல்லை. மேலிருந்து கீழே வரை விரலை ஓட்டினாள். எங்கேயும் இடிக்கவில்லை.

"அருமையா இருக்கு சார்," என்றாள். மெக்கானிக் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டார். அவள் திருப்புளி எடுத்துப் பின்மூடியைக் கழற்றினாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"பத்தவைக்கவே இல்லையா?"

"தேவைப்படலை மேடம். இப்பல்லாம் செட்டாவே கிடைக்குது."

"சாவி?"

"புதுசு."

"கழுத்து?"

"அதுவும் புதுசு மேடம்."

"பழசெல்லாம் எங்கே?"

"தூக்கிப் போட்டாச்சு," என்றார் அவர், அலுவலகங்களில் கையெழுத்து வாங்கும்போது சொல்கிற அதே குரலில். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவர் காதிலேயே விழுந்தது.

அவள் மூடியைத் திரும்ப முடுக்கினாள். "இது நல்ல கிட்டார். கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால வெச்சா ஒரே நாள்ல வித்துப் போயிடும். நான் வாங்கிக்கட்டுமா? நியாயமா தர்றேன்."

"நான் விக்க வரலை மேடம். வேலை கேட்டு வந்திருக்கேன்."

"தெரியுது சார். ஆனா இதுல உங்க வேலையைக் காணோமே. நல்லதா ஒரு கிட்டாரை வாங்கியிருக்கீங்க, பாகம் பாகமா." அவள் மேசை மேல் கிடந்த இன்னொரு கிட்டாரைக் காட்டினாள். வார்னிஷ் எல்லாம் போன பழசு. "இதுக்குச் சொந்தக்காரர் ஒரு திருகைக்கூட மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டார். பட்டையில பள்ளம் தேஞ்சு கம்பி இடிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"சோடா போட்டு... பசை விட்டு..."

"பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணேன். சரியா வரலை."

"எத்தனை தடவை பண்ணீங்க?"

"ஒரு தடவை."

"ஒரு தடவைதானா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். கிண்டலாக இருந்திருந்தால் திருப்பிச் சொல்ல அவரிடம் நாலு வார்த்தை இருந்தது. "மாசம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கே சார்," என்று சொல்லிவிட்டு அவள் பழைய கிட்டாரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவருக்குப் பொருமலாக இருந்தது. சரி பண்ணிக் கொண்டு வா என்றாள், சரியாகத்தானே இருக்கிறது? வாசித்துப் பார்த்து அருமை என்று அவள் வாயாலேயே சொன்னாளே? தாடிக்காரரைத் திட்டினார், மேலாளரைத் திட்டினார், சிக்னலில் குறுக்கே வந்த ஒரு வண்டிக்காரரையும் சேர்த்துத் திட்டினார். திட்டுவதற்கு ஆளில்லாமல் போன பிறகு, அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது மட்டும் மிச்சம் இருந்தது. எந்தக் கம்பெனியிலிருந்து தப்பித்து ஓட நினைத்தாரோ, அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கிளை திறந்திருக்கிறார். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் இருவரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "கிடைச்சுதாங்க?" என்று மனைவி கேட்டாள். அவர் உறையைத் திறந்து கிட்டாரை மேசை மேல் கிடத்தினார். கம்பியைத் தளர்த்தி ஒதுக்கினார். அரத்தை எடுத்து, புதுக் கழுத்தின் புத்தம்புதுப் பட்டையில் ஒரு பள்ளத்துக்குள் வைத்தார்.

"மாமா, என்ன பண்றீங்க? சனிக்கிழமை நான் எடுத்துட்டுப் போகணும்!"

"என்னங்க, நல்லாத்தானே இருக்கு!"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மெக்கானிக். "என்னால இல்லை."

இழுத்தார். வேண்டுமென்றே, ஆழமாக. கம்பியைத் திரும்ப மாட்டித் தட்டினார். 'கர்ர்' என்றது. மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். சோடா தூவினார், பசை விட்டார், காத்திருந்தார், ராவினார். பெயர்ந்து விழுந்தது. திரும்பத் தூவினார். இந்த முறை பெயரவில்லை, ஆனால் ராவியது ஒரு பக்கம் சரிந்து, கம்பி பள்ளத்தைவிட்டு நழுவியது. கெட்ட வார்த்தை ஒன்று வாய்வரை வந்தது. மனைவி அவருடைய கைப்பேசியை மெதுவாக எடுத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுபடி அடைத்தார். மறுபடி ராவினார். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்தது. கம்பியை மாட்டித் தட்டினார். கர்ர்.

"போச்சா மாமா?" என்று மச்சினன் கேட்டான். அவன் குரலில் கேலி எதுவும் இல்லை.

"போச்சு," என்றார். கண்ணைக் கம்பிக்குச் சமமாக இறக்கிப் பள்ளத்தைப் பார்த்தார். ஃப்ரெட் பக்கம் உயர்ந்து சாவிப் பக்கம் தாழ வேண்டும், கம்பி ஃப்ரெட் பக்க விளிம்பில் உட்கார வேண்டும். தான் தலைகீழாக ராவியிருப்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. "எங்க போச்சுன்னு தெரியுதுடா. அந்தச் சோடாவை எடு."