மகன் இருந்த இடத்தில் மகள்

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. ‘மகன்’ என்பது ‘மகள்’ என்று அச்சாகியிருந்ததைக் கவனிக்காமல் சான்றில் முத்திரை வைத்துவிட்டேன்.

மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் இதை எழுதியவள், திரும்பப் படித்துக்கொண்டே ‘கவனிக்காமல்’ என்ற சொல்லுக்கு வந்ததும் பேனாவை மூடினாள். நாளிதழ் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்தரி. நீதிமன்ற அறிவிப்பு வெளியான பகுதியை வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, ‘கொடுத்தபடியே வெளியானது’ என்று கையெழுத்துப் போட்டுத் தருவது வேலை.

சாயங்காலம் வக்கீல் குமாஸ்தாவோடு ஓர் அக்காள் வந்திருந்தாள். அப்பா வீட்டைப் பங்கு பிரிக்கும் வழக்கு. கோபித்துக்கொண்டு போன தம்பி இருக்கும் இடம் தெரியவில்லை; அதனால் அவனுக்கான அறிவிப்பை நாளிதழில் போட்டிருந்தார்கள். நாளை அவன் ஆஜராகாவிட்டால் அவனை விட்டுவிட்டே வழக்கு நடக்கும். அவன் பெயரோ ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற பெயர். ‘இளைய மகன்’ என்பதுதான் அடையாளம். ‘இளைய மகள்’ என்று வந்திருந்தது. பசை தடவும்போதே அது அவள் கண்ணில் பட்டுவிட்டது.

பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“என்னம்மா கத்தரி, பேப்பர்ல வந்துச்சா இல்லையா? வெட்டுறது உன் வேலை. அந்த வீட்ல யாரு ஆணு, யாரு பொண்ணுன்னு பாக்குறதுமா உன் வேலை?”

குமாஸ்தா சிரித்தபடி நாளைக்கே தாக்கல் செய்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அவளுக்கும் வகுப்புக்கு நேரமாகியிருந்தது. முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

அக்காள் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுத்து தெரிந்த மாதிரி இல்லை.

“முடி வெட்டிக்கப் போனாக்கூட பேப்பர ஒரு வரி விடமாட்டான். இதையும் படிச்சிருப்பான்ல பாப்பா?”

“படிச்சிருப்பாருக்கா.”

வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அவன் படித்திருப்பான்தான். படித்துவிட்டு, யார் வீட்டுப் பெண்ணோ பாவம் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பான்.

பேனாவைத் திறந்து ‘கவனிக்காமல்’ என்பதை அடித்தாள். மேலே ‘கவனித்தும்’ என்று எழுதினாள். ‘சிறு’ என்பதையும் அடித்தாள்.

நாளை: நீதிமன்றம் திறக்குமுன் வாசலில் நிற்க வேண்டும். குமாஸ்தாவிடம் சான்றைத் திருப்பிக் கேட்க வேண்டும், தரமாட்டார். அக்காளிடம் நேரில் சொல்ல வேண்டும். ‘இளைய மகன்’ என்றே இருக்கும், வக்கீல் கொடுத்த மூலப்பிரதியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.