மெழுகு இறங்கும் வரை

"திரும்பிக்கோ" என்றார் வாசுதேவன்.

உஷாராணி நாற்காலியைப் பால்கனிப் பக்கமாகப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பார். எந்த பிக்கப்பில் வாசிக்கிறார் என்று அவள் பார்க்கக் கூடாது. பார்த்தால் காது கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. இன்னொரு விதியும் உண்டு. முதலில் வாயில் வருகிற வார்த்தைதான் கணக்கு. யோசித்துச் சொன்னால் செல்லாது.

தந்திகளுக்கு அடியில் பதிந்திருக்கும் சின்ன உலோகப் பெட்டிதான் பிக்கப். உள்ளே காந்தம், அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பியின் சுருள். தந்தி நடுங்குவதை அது கேட்டு ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் சொல்லும், ஆம்ப் ஊருக்குச் சொல்லும். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் அலுவலகத்தில் என்ன செய்கிறார் என்பதுகூட அவளுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது கேட்ட எழுபதுகளின் ராக் இசைத்தட்டுகள் அவர் தலைக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. மெதுவாக மீட்டினால் கதகதப்பாக இருக்க வேண்டும். ஓங்கி அடித்தால் விளிம்பில் மட்டும் கொஞ்சம் உடைய வேண்டும். மகன் நரேன் வேலைக்குப் புனே போனபின், அந்தச் சத்தத்துக்காக ஒரு பழைய கிட்டாரை வாங்கினார். அதன் பிக்கப்பைக் கழற்றி வேறு போட்டார். மூடியை நீக்கினார். திருகுகளைத் தளர்த்தித் தந்தியைவிட்டுத் தள்ளி இறக்கினார். காந்தத்தை உருவி, வீரியம் குறைந்த காந்தம் ஒன்றைச் செருகினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஆரம்பத்தில் அவளுக்கு அதில் பங்கில்லை. ஒருநாள் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது, "தகர டப்பாவுல கடலைய உருட்டுற மாதிரி இருக்கு" என்றாள். அவர் கை நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

அந்த வீட்டில் அவள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி யாராவது கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று துணிகளோடு அப்படியே நின்றாள். சாவி எங்கே, கேஸ் புக் பண்ணியாச்சா, லிஃப்ட் ரிப்பேர். திங்கள் முதல் சனி வரை அவர்களிடையே போய்வந்த வார்த்தைகளை யார் சொன்னாலும் ஒன்றுதான். தலைநகரின் விமான நிலையத்தை ஒட்டிய துவாரகாவில் அவர்கள் குடியிருப்பின் மேல் விமானங்கள் தாழ்ந்து போகும்போது பாதி வாக்கியத்தை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியபின் தொடராமலே விட்டுவிடுவார்கள். ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது.

அந்தக் கடலைக்குப் பிறகு அவர் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். ஈரத்துணி போட்டு மூடின மாதிரி, புளி தூக்கலா, காயாத சுவரைத் தட்டின மாதிரி என்று அவள் சொல்வதற்கெல்லாம் ஸ்பேனரோ சால்டரிங் கம்பியோ எடுத்தார். "ருகோ யார், மேடம் கா ஃபைசலா பாக்கி ஹை" என்று கிட்டார் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதைக் கேட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொள்வாள். தன் தீர்ப்புக்கு யாரோ முகம் தெரியாதவர்கள் காத்திருக்கிறார்கள்.

"ரெடியா?" என்றார் இப்போது. "புதுசா வந்தது. கையால சுத்தினது."

வாசித்தார். பால்கனிக் கம்பிமேல் ஜனவரி வெயில் கொஞ்சம்போல விழுந்திருந்தது. முதல் சுரம் எழுந்ததும் அவள் பிடரியில் மயிர் சிலிர்த்தது. சத்தத்துக்குள் காற்று இருந்தது. தடித்த, கதகதப்பான சத்தம், அவர் ஓங்கி அடித்தபோது விளிம்பு பொரிந்தது. இதைத்தான் தேடினார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இதுதான் என்று வாய்வரை வந்தது.

இதுதான் என்றால் கிட்டாரை உறையில் போடுவார். அல்லது ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். நாற்காலி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிடும்.

வாசித்து முடித்த இடைவெளியில் ஆம்ப்பிலிருந்து மெலிதாக ஒரு கீச்சு எழுந்தது.

"விசில் அடிக்குது" என்றாள்.

"அவ்ளோதானா?"

"ஓரத்துல ஒரு விசில். உறுத்துது."

அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கு நல்லாத்தான் பட்டுச்சு. ஆனா நீ சொல்றதும் கரெக்ட்தான், விசில் இருக்கு. இங்க வா, இதைப் பாரு."

அவள் திரும்பினாள். அவர் பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டினார். ஆம்ப்பில் டொக் டொக் என்றது.

"உள்ள மெழுகு ஊத்தல. சுருள் லூஸா இருக்கு. அதான் தந்தி மட்டுமில்ல, எல்லாத்தையும் கேக்குது. பேசிப் பாரு."

"எதுகிட்ட?"

"பிக்கப்கிட்டதான். குனிஞ்சு பேசு. கடிக்காது."

அவள் அவர் மடியிலிருந்த கிட்டாரின் மேல் குனிந்தாள். அவர் சட்டையில் இஸ்திரி வாசனை. இவ்வளவு பக்கத்தில் வந்து நாளாயிற்று. என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பால் அடுப்புல இருக்கு" என்றாள்.

ஆம்ப்பிலிருந்து ஒரு பெண் குரல், அந்தக் காலத்து டிரங்க் காலில் வருவதுபோல, பால் அடுப்பில் இருப்பதாகச் சொன்னது.

அவர் கிட்டார் குலுங்கச் சிரித்தார். "இருக்கா நிஜமா?"

"இல்ல." அவளும் சிரித்தாள். மறுபடி குனிந்து, "வாசு சார், வாசு சார்" என்றாள். அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆம்ப் கூப்பிட்டது.

"யெஸ் மேடம்" என்றார் ஆம்ப்பைப் பார்த்து.

பிறகு கிட்டாரைக் கவிழ்த்து வைத்து எழுந்தார். "தீபாவளி மெழுகுவத்தி மிச்சம் இருக்குல்ல? ஒரு பழைய பாத்திரம் கொடு. மெழுகை உருக்கி இதை முக்கிட்டா சுருள் இறுகிடும். அப்புறம் தந்தியைத் தவிர எதுவும் இதுக்குக் கேக்காது."

"வேணாம். அப்படியே இருக்கட்டுமே."

"நீதானே விசில்னே?"

"அவ்ளோ ஒண்ணும் பெருசா இல்ல."

"உஷா, ரூல் என்ன? முதல்ல வந்ததுதான் கணக்கு." அவர் ஏற்கெனவே திருகுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். "உன் காதை நம்பித்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன்."

காய்ச்சிக் காய்ச்சி அடி கறுத்த பால் பாத்திரத்தைக் கொடுத்தாள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, மெழுகுவர்த்திகளை ஒடித்துப் போட்டார். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும் என்றார். திரிகளை ஸ்பூனால் எடுத்துப் போட்டது அவள். மெழுகு தெளிந்ததும் பிக்கப்பை அதன் ஒயரைப் பிடித்து இறக்கினார்.

அதிலிருந்து குமிழிகள் வந்தன. சின்னச் சின்னதாக, வரிசையாக.

"உள்ள இருக்கற காத்து" என்றார். "காத்து போற இடத்துல மெழுகு இறங்கும். குமிழி நின்னா வேலை முடிஞ்சுது."

இருவரும் தோள் உரச அடுப்பருகே நின்று பார்த்தார்கள். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் ஏதோ பலகாரம் வெந்துகொண்டிருக்கிறது என்று நினைப்பார்கள். அவள் குமிழிகளைப் பார்த்தாள். இன்னும் வருகிறது. இப்போது சொன்னாலும் வெளியே எடுத்துவிடலாம். ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல முடியாத அளவுக்கு அவள் எப்போது இப்படிச் சிக்கனமானாள்? குமிழிகள் தயங்கித் தயங்கி வந்தன.

"காலைல வாசிச்சீங்கல்ல," என்றாள், "அதாங்க அந்தச் சத்தம்."

"எந்தச் சத்தம்?"

"நீங்க தேடினது. அதேதான்."

அவர் ஒயரை விடாமல் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் விசில்னு சொன்னே?"

"சொல்லிட்டா முடிஞ்சுருமேன்னு."

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

"முடிக்கத்தானே இத்தனை மாசமா பண்றோம்?" என்றார்.

கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். பாத்திரத்தில் கடைசிக் குமிழி ஒன்று வந்து உடைந்தது. அவர் பிக்கப்பைத் தூக்கினார். சொட்டிய மெழுகு காற்றுப் பட்டதும் வெள்ளையானது. பழைய துணியால் பொறுமையாகத் துடைத்தார்.

சாயங்காலம் மறுபடி பொருத்தி, "திரும்பிக்கோ" என்றார். வாசித்தார். சுத்தமாக, திண்ணமாக இருந்தது. காற்று போயிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை என்பது அவர் வாசித்த வேகத்திலேயே தெரிந்தது.

"நல்லாருக்கு" என்றாள். முதலில் வந்த வார்த்தை அதுதான்.

"பாஸா?"

"பாஸ்."

"மேடம் நே பாஸ் கர் தியா!" என்று போனில் சொன்னார். டிங் டிங் என்று வாழ்த்துகள் வந்து விழுந்தன. அவருக்கு முகமெல்லாம் பல். அவள் தோளைத் தட்டினார், சக ஊழியரைத் தட்டுவதுபோல. பிறகு, கொண்டாட வேண்டாமா, ஜிலேபி வாங்கி வருகிறேன் என்று மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிட்டார் சோபாவில் மல்லாந்து கிடந்தது. அவள் அதன் முன் தரையில் உட்கார்ந்து பிக்கப்புக்கு நேராகக் குனிந்தாள்.

"பால் அடுப்புல இருக்கு" என்றாள்.

கூடத்தில் அவள் குரல் மட்டும், அவள் வாயிலிருந்து மட்டும் கேட்டது. கொஞ்சம் சத்தமாக, "வாசு சார்" என்றாள். நகத்தால் தட்டினாள். மரத்தைத் தட்டிய சத்தம்தான்.

எழப்போனவளின் வளையல் தடித்த தந்தியில் பட்டது. ஆம்ப் முழங்கியது. பால்கனிக் கதவின் கண்ணாடி அதிர்ந்தது. அவள் பதறிக் கையைத் தந்திமேல் வைக்கப் போனாள். பிறகு வைக்கவில்லை.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் பால்கனியைத்தான் பார்த்திருந்தாள். தந்தி நடுங்குவதை இன்றுதான் பார்க்கிறாள். நடுவில் அது ஒன்றாகத் தெரியவில்லை, புகைபோல அகலமாக விரிந்திருந்தது. மேலே ஒரு விமானம் இறங்கிப் போயிற்று. அது போனபிறகும் தந்தியின் சத்தம் இருந்தது. புகை மெல்ல மெல்லக் குறுகி, இரண்டு கோடாகி, ஒரு கோடாகிக்கொண்டிருந்தது. லிஃப்ட் ஏறி வரும் ஓசை கேட்டது. நாற்காலி பால்கனிப் பக்கமே திரும்பியிருந்தது. அதை எடுத்துப் போட அவள் எழவில்லை.